கண்ணாடி மேசையில் முதல் வரி

என் வயதுக்காரிகளே, கிளினிக்கில் மருந்துக்கு நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கைப்பைக்குள் தலையைக் கவிழ்த்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யாராவது பக்கத்தில் வந்தால் கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிட்டு, மகளுக்குச் செய்தி அனுப்பினேன் என்பீர்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. கேம் விளையாடுகிறேன் என்பேன். இந்த வயதிலா ஆன்ட்டி என்று ஒரு தாதி கேட்டாள். "பின்ன எந்த வயசுலமா விட்டாங்க?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எனக்கென்று சில பிடித்தங்கள் இருக்கின்றன. ஒரே நிறக் கற்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கிற விளையாட்டுதான் நான் தினமும் விளையாடுவது. நேரம் வைத்து விரட்டுகிற விளையாட்டு ஆகாது. சுடுகிறது அறவே கிடையாது. தோட்டம் போடுகிற விளையாட்டு ஒன்றை அண்ணன் மகள் இறக்கிக் கொடுத்தாள். நான் தூங்கி எழுவதற்குள் பயிர் வாடிக் கிடக்கிறது, மாடு பால் கறக்கச் சொல்லிக் கத்துகிறது. விளையாட வந்தவளை வேலைக்காரி ஆக்குகிற விளையாட்டு எனக்கு எதற்கு? சாப்பாட்டுக் கடை நடத்துகிற விளையாட்டு ஒன்றும் வந்தது. தட்டு வரத் தாமதமானால் வாடிக்கையாளர் முகம் சிவந்து எழுந்து போகிறார். அதை அன்றைக்கே அழித்துவிட்டேன். அந்த முகங்களை நிஜத்திலேயே பார்த்து வளர்ந்தவள் நான்.

சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் விளையாடுவேன். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருவேன். தொடங்கும் முன் கைக்குட்டையால் கண்ணாடியை ஒரு தடவை துடைப்பேன், அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெயர் கேட்டால் கொடுக்க மாட்டேன். அதுவாகவே விருந்தினர் என்று போட்டுக்கொள்கிறது. எங்கள் குடும்பத்தையே அண்ணன் மகள் அந்த விளையாட்டில் கோத்துவிட்டிருக்கிறாள். எல்லோருக்கும் படமும் பெயரும் இருக்கும். மேலே முதலாவதாக, முகமில்லாமல், விருந்தினர் என்று ஒருத்தி இருப்பாள். அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசுவதில்லை.

ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால், சொந்தக்காரர்களிடம் ஓர் உயிர் கேள் என்று அது சொல்லும். நான் யாரிடமும் கேட்டதில்லை. உயிர் தானாக ஊறி வரும் வரை காத்திருப்பேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

எனக்கு எழுத்து ஓட்டமாக வராது, கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதற்கு மேல் இடைநிலைப்பள்ளியில், முதலாம் படிவத்துக்கு முன்னால் மலாய் பழக வைக்கிற புகுமுக வகுப்பு ஒன்று. அவ்வளவுதான் என் படிப்பு. அந்தப் புகுமுக வருடத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவசரம் இல்லாதவர்கள் இருங்கள்.

அப்பாவுக்கு ஜார்ஜ் டவுனில், படகுத்துறைக்குப் போகிற சாலையில் சாப்பாட்டுக் கடை. கீழே கடை, மேலே வீடு. காலையில் தோசை, மத்தியானம் சோறு. துறைமுகத்து ஆட்கள், லாரிக்காரர்கள், அக்கரைக்குப் போகப் படகுக்குக் காத்திருப்பவர்கள் என்று ஆண்கள்தான் வருவார்கள். அம்மா பின்கட்டில் சமையல். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். மூன்றாம் படிவப் பரீட்சையில் தேறாமல் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முடிவு வந்த அன்று அப்பா யாரையும் திட்டவில்லை. கடைக்கு வந்தவர்கள் கேட்டபோதெல்லாம், "வரல, விடுங்க" என்று மட்டும் சொல்லி ரசத்தை ஊற்றினார். அந்த முகத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னொரு தடவை வரும்.

வருட நடுவில் பள்ளி விடுமுறை முடிந்த சமயம், மிஷின் தொக்கே வந்தார். சீனர் முதலாளி, அவர் வாயில் அண்ணே ஆனே ஆகிவிடும். கடை கடையாக விளையாட்டு மிஷின் வைத்து, வாரம் ஒருமுறை வந்து காசை எடுத்துக்கொண்டு, கடைக்காரருக்குப் பங்கு கொடுப்பவர். அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"சூதாட்டம்லாம் வேணாம் தொக்கே. குடும்பம் இருக்குற எடம்."

"சூது இல்ல ஆனே, சும்மா வெளையாட்டு. இது மேச ஆனே, மேச. மேல தே வை, ரொட்டி வை. பொலே, எல்லாம் வெக்கலாம்."

மேசை என்ற சொல்லில்தான் அப்பா விழுந்தார். உண்மையில் அது மேசைதான். முழங்கால் உயரம், மேலே தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் திரை வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். ஓரத்தில் ஆட்டுகிற குச்சி ஒன்று, அழுத்துகிற பொத்தான் ஒன்று. திரையில் மேலிருந்து வண்டுகள் வரிசை வரிசையாக இறங்கும். கீழே ஒரு சின்னக் கப்பல், அதை இடமும் வலமும் நகர்த்திச் சுட வேண்டும். அந்தக் கண்ணாடி எப்போதும் சூடாக இருக்கும், அடுப்பு அணைத்துக் கொஞ்ச நேரமான தோசைக்கல் மாதிரி. பக்கத்தில் போனால் சூடேறிய தூசியும் சிந்திய கட்டிப்பாலும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகர்ந்ததில்லை.

மற்றக் கடைகளில் இரவு செருகியைப் பிடுங்கி மிஷினை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் அதிக எண் எடுத்தவர்களின் வரிசை அழிந்துபோகும். எங்கள் மிஷினை அடைக்கக் கூடாது என்று தொக்கே சொல்லியிருந்தார். பழைய மிஷினாம், அடைத்தால் மறுபடி கண் திறக்கச் சண்டித்தனம் பண்ணுமாம். அதனால் எங்கள் கடையில் அந்த வரிசை வாரக்கணக்கில் அப்படியே நின்றது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்து. ஜெயித்தவன் குச்சியை ஆட்டித் தன் பெயருக்கு மூன்று எழுத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானத்தில்தான். காலைக் கூட்டம் கலைந்து சோற்றுக் கூட்டம் வருவதற்குள் கடை வெறிச்சென்று இருக்கும். அப்பா காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருப்பார். மேசை துடைப்பது என் வேலை. கிளாஸ் கழுவுவதும் வெங்காயம் உரிப்பதும் அண்ணன் வேலை. ஒரு நாள் அண்ணன் சொன்னார், "ஏ புள்ள, என் வெங்காயத்தையும் சேத்து உரிச்சிரு. மிஷினுக்கு ஒரு காசு தரேன்." கல்லாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அப்படித்தான் தொடங்கியது. கண்ணில் வெங்காயம் எரிய எரிய உட்கார்ந்து விளையாடுவேன். அண்ணன் எதிர் முக்காலியில் உட்கார்ந்து கோப்பியைக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டு பார்ப்பார். ஈரவட்டம் பதிந்து வண்டுகளை மறைக்கும். ஒரு கையால் துடைத்துக்கொண்டே மற்றக் கையால் ஆடப் பழகினேன். சத்தம் மேலே அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று சத்தம் வருகிற துளைகளில் மேசைத் துணியை அடைத்து வைப்பேன்.

நான் காசு போட்டுக் கற்றதைவிடத் துடைத்துக் கற்றதுதான் அதிகம். பள்ளி விட்டு வந்த பிறகு, சாயங்காலம் ஆண்கள் தே குடிக்க வந்து விளையாடும்போது பக்கத்து மேசைகளைத் துடைத்துக்கொண்டே பார்ப்பேன். அவர்கள் வண்டு இருக்கிற இடத்தைப் பார்த்துச் சுடுவார்கள். இடது பக்கத்து வண்டு ஒன்று வரிசையை விட்டுப் பிரிந்து சுற்றிக்கொண்டு வரும். எங்கே சுற்றும், எங்கே நிமிரும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். நான் அது வரப்போகிற இடத்தில் முன்பே போய் நிற்பேன். வேறு வித்தை ஒன்றும் இல்லை.

ஒரு காலையில் முதல் வரி என்னுடையதானது. பெயர் கேட்டது. முதல் எழுத்து ஏ என்று நின்றுகொண்டிருந்தது. ஒரு பெண் பிள்ளையின் பெயரை அங்கே எப்படிப் போடுவது? குச்சியை அசைக்காமல் பொத்தானை மூன்று தடவை அழுத்தினேன். மூன்று ஏ. அதற்குக் கீழே இருந்தவனுக்கும் எனக்கும் நடுவில் மலை அளவு இடைவெளி.

கடையில் அதுவே பேச்சாகிவிட்டது.

"யாருடா இந்த மூணு ஏ?" என்றார் ஒரு லாரிக்காரர். தினமும் வந்து தினமும் தோற்பவர்.

"பேய்தான் வந்து வெளையாடுது" என்றார் இன்னொருவர்.

"பேய்க்கு ஏதுய்யா சில்லற?"

நான் அவர்கள் கையருகே துடைத்துக்கொண்டிருந்தேன். "தள்ளிக்கோங்க மாமா, தொடைக்கணும்" என்றேன். அந்த மாதங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வகுப்பில் மலாய் வாக்கியம் படிக்கும்போதும், மதியச் சாலையில் நீலச் சீருடையோடு நடக்கும்போதும், நான்தான் அந்தப் பேய் என்று மனதுக்குள் ஓடும். படிப்பும் நன்றாகத்தான் ஏறியது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு யாரும் கேட்கவில்லை.

தொக்கே அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கூட்டம் சேர்க்க ஒரு யோசனை செய்தார். உள்ளங்கை அளவு சின்ன கேம் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பொத்தான், சாம்பல் நிறத் திரை. மேலிருந்து விழும் பழங்களை ஒரு குட்டி மனிதன் கூடையில் பிடிப்பான். தீபாவளிக்கு முந்தின வாரம் முதல் வரியில் யார் இருக்கிறார்களோ அவருக்கு அது பரிசு என்றார். அப்பா அதைக் கண்ணாடி அலமாரியில், முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். அலமாரியைத் துடைப்பதும் நான்தான்.

பரிசு என்று வந்ததும் மூன்று ஏ-க்கு ஆட்கள் முளைத்தார்கள். நான்தான் என்று லாரிக்காரர் சொல்லிப் பார்த்தார், யாரும் நம்பவில்லை. அப்போது அண்ணன் கல்லாவிலிருந்து, "அது நான் போட்டது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு அப்பா அதைக் கேட்டுவிட்டார். அப்பா முகம் விரிந்ததைப் பார்த்த பிறகு அண்ணனால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

"படிப்பு வராட்டி என்ன? கையில தெறம இருக்குல்ல" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இலையில் ஒரு கரண்டி சோறு கூடவே விழுந்தது. அன்று மாலை அண்ணன் என்னிடம் வந்து, "தீபாவளி முடியட்டும் புள்ள, அந்தக் கேம ஒனக்கே குடுத்துர்றேன். வாயத் தொறக்காத" என்றார். சரி என்றேன். எனக்குப் பரிசு கிடைத்தால் போதும் என்று அப்போது நினைத்தேன்.

இந்த நேரத்தில் ஆயுத பூசை வந்தது. அப்பா எல்லாவற்றையும் கழுவி வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். கல்லாப்பெட்டி, தராசு, மாவு அரைக்கிற மிஷின், கறிவெட்டும் கத்தி, தே ஆற்றுகிற குவளை. கடைசியில் அந்த மேசைக்கு முன்னால் நின்றார்.

"இதுவுந்தான நமக்குச் சோறு போடுது" என்று கண்ணாடிமேல் மூன்று விரலால் திருநீறு இழுத்தார், நடுவில் சந்தனப் பொட்டு வைத்தார். பிறகு குனிந்து செருகியைப் பிடுங்கினார்.

"தொக்கே அடைக்கக் கூடாதுனு சொன்னாரே" என்றாள் அம்மா.

"இன்னிக்கு எல்லா ஆயுதமும் ஓயணும். அது மட்டும் வேல செய்யலாமா? பாவம்ல?"

எரிந்துகொண்டே இருந்த திரை கறுத்துப்போனது. என் முகமும் அப்பா முகமும் அந்தக் கண்ணாடியில் தெரிந்தன. அப்பா பக்தியோடு கற்பூரம் காட்டினார்.

மறுநாள் காலை மிஷினைப் போட்டார்கள். சண்டித்தனம் ஒன்றும் பண்ணவில்லை, உடனே விழித்துக்கொண்டது. காய்ந்த சந்தனத்தை நான்தான் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அடியில் வரிசை தெரிந்தது. மிஷின் செய்த கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய எழுத்துகள், சின்னச் சின்ன எண்கள். மூன்று ஏ இல்லை.

அந்த வாரம் தொக்கே வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். யாருக்கு முதல் வரி என்று கடையில் சத்தம் எழுந்தது. லாரிக்காரர் மறுபடியும் தன்னுடையது என்றார். தொக்கே கையை உயர்த்தி, "சண்ட வேணாம்லா. யார் போட்டான், இப்ப என் முன்னால போடு" என்றார். சாவியால் காசுப்பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ தட்டி இலவசமாக ஆட்டம் விட்டார்.

அப்பா, "போடுடா" என்றார். கடை முழுக்க எழுந்து வந்து சூழ்ந்து நின்றது. அண்ணன் உட்கார்ந்தார். முதல் கப்பல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. "கையில எண்ணெப்பா" என்று சட்டையில் துடைத்துக்கொண்டார். மூன்றாவதும் போயிற்று.

"மூணு ஏ இல்ல தம்பி, மூணு முட்ட" என்றார் லாரிக்காரர். கடையே சிரித்தது.

அப்பா முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவு வந்த நாளின் அதே முகம். பக்கத்து மேசையில் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். முதல் வரி எப்படியும் இந்த வீட்டில்தானே இருந்தது, அதைச் சொன்னால் அப்பா தலை நிமிர்வார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் வாயைத் திறந்தேன், பரிசுக்காக இல்லை.

"நான்தாம்ப்பா போட்டேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். தொக்கே முக்காலியைக் காட்டி, "டுடோக்லா, டுடோக்" என்றார். கண்ணாடியில் ஒரு கோப்பிக் கறை இருந்தது. அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் நன்றாக விளையாடினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அன்றைக்கு விளையாடியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் விளையாடியதில்லை. வண்டுகள் நான் நிற்கிற இடத்துக்குத் தாமாகவே வந்து விழுந்தன. பின்கட்டில் தோசை தீய்ந்த வாசனை வந்தது, யாரும் போய் எடுக்கவில்லை. முடிந்தபோது முதல் வரி மறுபடி என்னுடையது. பெயர் கேட்டது. பழக்கத்தில் பொத்தானை மூன்று தடவை அழுத்தினேன்.

"அலாமாக், இவதான்லா!" என்று தொக்கே தொடையில் அடித்தார். அலமாரியைத் திறந்து அந்தச் சின்ன கேமை என் கையில் வைத்தார். அது நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது.

லாரிக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார், "அண்ணே, இது ஒரு நாள்ல வர்ற கை இல்ல. மாசக்கணக்குல ஒக்காந்திருக்கணும்."

அப்பா என்னைப் பார்த்தார். "எப்ப ஒக்காந்த?"

"காலைலப்பா. கூட்டம் இல்லாதப்ப."

"காசு யாரு குடுத்தா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுப்பா" என்றார் அண்ணன்.

"அண்ணன்தான்ப்பா குடுத்தாரு. கல்லாலேர்ந்து."

"இருக்குற அசிங்கம் போதாதா? அவன் மேலயும் பழி போடாத."

அதற்குப் பிறகு அப்பாவின் கண் கடையில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவர் மேலும் போய்ப் போய் வந்தது. லாரிக்காரர், துறைமுகத்து ஆட்கள், தொக்கே. அண்ணன் கொடுக்கவில்லை என்றால் வேறு யார் கொடுத்தது? எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்த வயது. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் புரியவில்லை. லாரிக்காரர் சாப்பிட்டதற்குக் காசை வைத்துவிட்டு வெளியே போனார். அவர் அதற்கப்புறம் வரவில்லை.

"மேல போ" என்றார் அப்பா. என் கையிலிருந்ததை வாங்கி அண்ணனிடம் கொடுத்தார். "ஆம்பளப் புள்ள வெச்சிக்கட்டும்."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். மாடியில் உட்கார்ந்து கீழே நடந்த பேச்சைக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எங்கெங்கேயோ விளையாடித்தான் அந்தக் கை வந்திருக்கும் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். அம்மா சொன்னாள், "ஒரு நாளும் மட்டம் போடல அவ. சந்தேகமா இருந்தா டீச்சர்ட்டப் போயி கேட்டுப் பாருங்களேன்."

"எம்பொண்ணு ஒழுங்கா வந்தாளானு நான் போயி கேக்கவா? கேட்டாலே அசிங்கம்டி."

ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். டீச்சர் சொல்லியிருப்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அப்பாவின் மானம் இடம் கொடுக்கவில்லை. மகளின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அதைக் கேட்காமல் விட்டார். இப்போது அவர் வயதைத் தாண்டி வந்து பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. மகனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவருக்கு அந்த ஒன்றுதான் இருந்தது. அதை நான் நாலு பேர் முன்னால் பிடுங்கிக்கொண்டேன். நியாயமாகப் பிடுங்கினேன், அது வேறு. தெரிந்துகொண்டேன் என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

புகுமுக வகுப்பை முடித்தேன். அடுத்த வருடம் முதலாம் படிவம். பள்ளி திறக்க இருந்த வாரம் அப்பாவிடம் போய், "புத்தகம் வாங்கணும்ப்பா" என்றேன். அவர் காய்கறி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் வீட்ல இரு. அடுத்த வருசம் பாக்கலாம்."

வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கேட்டபோதும் அதே பதில்தான், பாக்கலாம். அதற்கும் அடுத்த வருடம் நான் கேட்கவில்லை. என் நீலச் சீருடையை அம்மா வெட்டிக் கடைக்கு மேசைத் துணி ஆக்கினாள். நல்ல துணி, வெகுநாள் உழைத்தது.

மிஷினை, நான் விளையாடிக் காட்டிய அந்த வாரமே தொக்கே எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அப்பா கேட்டுக்கொண்டதால் அண்ணனையும் அழைத்துப் போனார். அக்கரையில், மாக் மண்டினில், மிஷின் பழுது பார்க்கிற பட்டறை அவருக்கு இருந்தது. அண்ணன் அங்கே தொழில் கற்று நிமிர்ந்தார், புக்கிட் மெர்தாஜாமில் வீடு வாங்கினார். நானும் வயது வந்ததும் மாக் மண்டினில் ஒரு துணி ஆலைக்குத்தான் போனேன். விடியலில் படகு ஏறி, பொழுது சாய்ந்து படகில் திரும்பி. அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற வேலை. நூல் எங்கே அறும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும். அதற்கு அங்கே பரிசு ஒன்றும் கிடையாது.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியோடு இருந்தார்கள்.

"நீங்கள்லாம் என்னடா வெளையாடுறீங்க" என்றார் அண்ணன். "தாத்தா ஒங்க வயசுல சேம்பியன் தெரியுமா? எங்க கடைல மிஷின் இருந்துச்சு. மூணு ஏ-னு போட்டுருப்பேன். ஊரே வந்து பாக்கும். என்ன தங்கச்சி, ஞாபகம் இருக்குல்ல?"

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார்.

"இருக்குண்ணே. நல்லாவே இருக்கு" என்றேன். "அந்தச் சின்ன கேம் எங்கண்ணே இப்ப? கூடையில பழம் பிடிக்குமே."

"எந்த கேம்?"

நிஜமாகவே மறந்திருந்தார்.

பெரிய பேரன் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தவன், "தாத்தா, இதானே?" என்று நீட்டினான். அதே வண்டுகள். அதே சின்னக் கப்பல். இத்தனை வருடங்களுக்குப் பிறகு உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தது.

"போடுங்க தாத்தா, பாப்போம்."

"கண்ணுல ஆப்பரேசன் பண்ணிருக்கேன்டா. வேணாம்."

"அப்ப அத்தப் பாட்டி போடட்டும்."

வாங்கினேன். நான் சுடுகிற விளையாட்டைத் தொடுவதில்லை என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்குத் தொட்டேன். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தேன். இடது பக்கத்து வண்டு பிரிந்து சுற்றிக்கொண்டு வந்தது. எங்கே நிமிரும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் குச்சி இல்லை, பொத்தான் இல்லை, வழவழப்பான கண்ணாடி மட்டும்தான். கட்டைவிரலை இழுத்தேன், கப்பல் இழுத்த பக்கம் போகாமல் நின்றது. முதல் வரிசை வண்டுகளே முடித்துவிட்டன.

"அத்தப் பாட்டி அவுட்டு" என்று ஒரு சின்னது கைதட்டியது.

"எல்லாருக்கும் அது வந்துராதுலா" என்றார் அண்ணன், என் தோளில் தட்டி. ஆறுதலாகத்தான் சொன்னார். நான் கைப்பேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, படகுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டேன்.

அண்ணனும் இப்போது கல் உடைக்கிற விளையாட்டுதான் விளையாடுகிறார். குடும்ப வரிசையில் எனக்கு வெகு கீழே இருக்கிறார். ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டு பல நாட்களாகத் திணறுகிறார். தீபாவளி முடிந்த வாரம் காலையில் திறந்தேன். உங்கள் அண்ணன் ஓர் உயிர் கேட்கிறார், கொடுக்கிறீர்களா என்று வந்திருந்தது. கொடுத்தால் என் உயிரில் ஒன்றும் குறையாது. விரலால் ஒரு தொடு தொட்டால் போதும். நான் அதை அப்படியே வைத்துவிட்டு என் கட்டத்துக்குப் போனேன்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். பிறகு தொலைபேசியிலேயே கூப்பிட்டார்.

"தங்கச்சி, உயிர் கேட்டிருந்தேனே, வரலியா ஒனக்கு?"

"வந்துச்சுண்ணே."

"அனுப்பலியே?"

சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். கைக்குட்டை கையில் இருந்தது.

"பாக்கலாம்ண்ணே" என்றேன்.